ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவில்

இருபத்தேழு வருடமாக ஏலக்காரருக்குத் தனக்கு மூச்சு என்று ஒன்று இருப்பதே தெரியாது. பழைய மரச்சாமான்களும் மூடிய கடைகளின் சரக்கும் விலைபோகும் அந்தக் கூடத்தில் மேடையேறினால், ஒரே மூச்சில் நாற்பது விலைக்கேட்பைக் கூவுவார். "மூச்சுக்கு முந்நூறு" என்று ஊழியர்கள் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது காதில் விழாதவர் போல நடந்து, திரும்ப ஒருமுறை விழட்டும் என்று மெதுவாகவும் நடப்பார்.

பிறகு நிமோனியா வந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. அதில் ஐந்து நாள், முகத்தில் மாட்டிய கவசம் வழியாக ஒரு இயந்திரம் அவருக்குக் காற்று தள்ளியது. வீடு திரும்பியபோது பதினொரு கிலோ காணாமல் போயிருந்தது. பார்க்க வந்தவர்கள் "இளைச்சாலும் முகத்துல களை இருக்கு" என்றார்கள். களை இருந்தது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய்வரத்தான் மூச்சு இல்லை.

நாலாவது வாரம், மனைவி தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல், மேடையேறிவிட்டார். ஒரு தேக்கு பீரோ. "ஒரு தரம்" கணீரென்று வந்தது. "ரெண்டு தரம்" பாதிக் காற்றும் பாதிச் சொல்லுமாக வந்தது. மூன்றாவது வரவில்லை. சுத்தியலை உயர்த்திய கையோடு, ஓடியும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இடைவெளியில் பின்வரிசையில் ஒருவர் கேட்பை இன்னொரு படி உயர்த்தினார். அதை அன்று யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் மைத்துனரைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

மைத்துனர் என்றால் மனைவியின் தம்பி. கூடத்தின் அலுவலக நிர்வாகி. தண்ணீர் குடிக்கப் போனால்கூட "தாகசாந்தி செய்துகொண்டு வருகிறேன்" என்று அறிவித்துவிட்டுப் போகிறவர். மாமா தள்ளாடியதும் மேடைக்குப் பாய்ந்து மைக்கைப் பிடித்தார்.

"பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளப் பெருமக்களே! தவிர்க்கவியலாத உடல்நலக் காரணங்களை முன்னிட்டு, இவ்வினிய தருணத்திலே..."

தருணம் பன்னிரண்டு நிமிடம் நீடித்தது. பீரோவுக்குள் கறையான் குடியேறி, பேரப்பிள்ளை எடுக்கும் அளவுக்கு நேரம். பின்வரிசைக்காரர் எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் முதலாளி ஏலக்காரரைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். "பத்து வாரத்துல அந்தப் பெரிய ஓட்டல் சாமான் மொத்தமும் இங்க வருது. மூணு மணி நேர ஏலம். சுத்தியல் கை மாறாம நீங்க முடிச்சிட்டீங்கன்னா அது உங்களோடது. இல்லேன்னா உங்க மச்சான் கைக்குப் போகும். உங்களை ஆலோசகரா வச்சுக்கறேன்."

ஆலோசகர் என்பது சுவரோரமாகப் போட்ட ஒரு நாற்காலி. உட்கார்ந்திருப்பவரிடம் வருகிறவர்கள், கழிப்பறை எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்பார்கள்.

மூன்றாம் நாளே மைத்துனர் வீட்டுக்கு ஒரு பொட்டலத்தோடு வந்தார். பளபளவென்று இழைத்த தேக்குப் பலகை, அதன்மேல் பித்தளை எழுத்தில் "ஆலோசகர்".

"ஒரு மரியாதைக்கு மாமா. எழுத்து வடிவம் நானே தேர்ந்தெடுத்தேன்."

"இன்னும் பத்து வாரம் இருக்கேடா," என்றாள் அக்கா.

"முன்னேற்பாடு அக்கா."

"அப்படியே எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு. 'இவனோட அக்கா'ன்னு போட்டு. தெருவுல யாராவது கேட்டா காட்டி மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

ஏலக்காரர் சிரிக்கப் போய் இருமினார். மறுநாள், டாக்டர் மூன்று முறை சொல்லியும் அவர் போகாத இடத்துக்குப் போனார்.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மருந்துக்கடைக்கும் சலவை அறைக்கும் நடுவே இருந்தது நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவு. பெயர் நீளம், அறை குட்டி. நின்ற இடத்திலேயே ஓட்டும் சைக்கிள் இரண்டு, ஒன்றின் பெடல் கிறீச்சிடும். ஏறினால் எங்கும் கொண்டுபோகாத மரப்படி இரண்டு. வெளியே நடைபாதையில் முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள். அறையை நடத்தும் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முதல் நாளே "நான் டாக்டர் இல்லை சார், பிசியோ" என்றாள். ஏலக்காரர் இரண்டையும் கூட்டிக் கழித்து "பிசியோம்மா" என்று வைத்துக்கொண்டார்.

"பயிற்சியா? நான் என்ன பளு தூக்கப் போறேனா? எனக்கு மூச்சுக்கு மருந்து குடுங்க."

"இதுதான் சார் மருந்து. இவ்வளவு நாள் படுத்ததுல கால் சதை எல்லாம் கரைஞ்சு போச்சு. சோம்பேறிச் சதை மூச்சை ஊதாரித்தனமா செலவு பண்ணும். அதைப் பழக்கிட்டா, இருக்கற மூச்சு போதும்."

சுவரில் ஒரு பலகை. பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். பூஜ்யத்துக்கு எதிரே "மூச்சு வாங்கவே இல்லை". பத்துக்கு எதிரே "இதற்கு மேல் முடியவே முடியாது".

"நான் எப்ப கேட்டாலும் ஒரு நம்பர் சொல்லணும். உங்களுக்கு உள்ள எப்படி இருக்கோ அது. நம்ம பயிற்சி மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஓடணும். அதை வச்சுத்தான் கூட்டறதும் குறைக்கறதும்."

ஆறு நிமிடம் நடக்கச் சொன்னாள். மூன்று இடத்தில் சுவரைப் பிடித்து நின்று, நூற்றுத் தொண்ணூறு மீட்டர் நடந்தார்.

"நம்பர்?"

"ஒண்ணு," என்றார். அதில் "ஒண்" ஒரு மூச்சில் வந்தது. "ணு" அடுத்த மூச்சில்.

விரலில் மாட்டிய ஆக்சிஜன் கிளிப் எண்பத்தேழு காட்டியது, தொண்ணூறுக்குமேல் இருக்கவேண்டியது. "கிளிப் வேற மாதிரி சொல்லுது சார்."

"பழைய கிளிப்பா இருக்கும்மா."

இதைப் பொய் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவருடைய தொழிலில் முதல் எண் என்பது உண்மை இல்லை, ஆரம்பம். நூறு பெறும் நாற்காலியைப் பத்தில் தொடங்குவார். அப்போதுதான் கூட்டம் சூடு பிடிக்கும். எடுத்த எடுப்பில் உள்ள விலையைச் சொல்கிற ஏலக்காரன் சாயங்காலம் தன் நாற்காலியைத் தானே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். இருபத்தேழு வருடப் பழக்கம். எண் கேட்டால் வாய் தானாக அடியிலிருந்து தொடங்கியது.

பக்கத்து சைக்கிளில், அதே காய்ச்சலில் அடிபட்டு எழுந்த ஒரு தையல்காரம்மா. அவருக்கு ஊசியில் நூல் கோக்கிற மாதிரிதான் பேச்சும். "நம்பர் என்னம்மா?" என்றால், "அஞ்சேகால். குறை தாயி," என்பார். பிசியோம்மாவும் குறைப்பாள். ஏலக்காரர் அந்தப் பக்கம் பார்த்து உள்ளுக்குள் இரக்கப்பட்டார். பாவம், பேரம் பேசத் தெரியாத ஜன்மம்.

இரண்டாவது வாரம் சைக்கிளில் உட்கார்ந்தபோது கிளிப் தொண்ணூற்று நாலு காட்டியது. நம்பர் "ஒண்ணரை" என்றார், அரையைச் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாக. பிசியோம்மா அவர் சொன்னதை நம்பி பெடலை ஒரு பிடி இறுக்கினாள். அடுத்த நாளும் ஒண்ணரை. இன்னொரு பிடி. மூன்றாம் நாள் நாலாவது நிமிடத்தில் ஏலக்காரரின் முகம் சாம்பல் நிறமானது. கை நழுவியது. பிசியோம்மா ஓடிவந்து இறக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையை முழங்கால்மேல் ஊன்றி முன்னால் சாயவைத்தாள்.

"மூக்கால இழுங்க. உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க. எதிர்ல மெழுகுவத்தி இருக்குன்னு வச்சுக்கங்க. சுடர் ஆடணும், அணையக்கூடாது. இழுத்ததைவிட ரெண்டு பங்கு நேரம் விடணும். அவசரமே இல்லை."

ஐந்து நிமிடத்தில் நிறம் திரும்பியது. மானம் திரும்பக் கொஞ்சம் கூட நேரமாயிற்று. அந்த வாரம் முழுக்க அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பத்து வாரத்தில் மூன்று போய்விட்டது. கூடத்தில் மைத்துனர் கண்ணாடி முன் சுத்தியலைப் பிடித்துப் பார்க்கிறார் என்று செய்தி வந்தது.

திரும்ப வந்த நாள் தையல்காரம்மாதான் ஆரம்பித்தார். பெடலை நிறுத்தவும் இல்லை.

"ஏன் சார், அன்னிக்கு அப்படிச் சரிஞ்சீங்களே, உள்ள எத்தனை இருந்துச்சு?"

"ஒரு... எட்டு."

"சொன்னது?"

"ஒண்ணரை."

தையல்காரம்மா தலையை ஆட்டினார். "எங்கிட்டயும் வருவாங்க உங்களை மாதிரி. இடுப்பளவு எடுக்க டேப்பைச் சுத்தினா போதும், வயித்தை எக்கிப் பிடிச்சுக்குவாங்க. எனக்கு அளவு காட்டறாங்களாம். நானும் அந்த அளவுக்கே தைப்பேன். போட்டுப் பாக்கும்போது மூச்சு விடுவாங்க இல்ல? ஊக்கு தெறிச்சு அடுத்த வீட்டு வாசல்ல விழும். அப்புறம் ஊர் முழுக்க, இவளுக்குத் தைக்கத் தெரியலைன்னு பேச்சு."

ஏலக்காரர் ஆதரவு தேடி பிசியோம்மாவைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கக் கிளிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தொழில்ல அடி விலையிலதாம்மா ஆரம்பிப்போம்," என்றார் சமாதானமாக.

"நான் வாங்க வரலை சார். என்கிட்ட என்னத்துக்கு ஏலம்?"

அன்று ஆறு நிமிட நடையின் முடிவில் நம்பர் கேட்டபோது, அவர் வாயைத் திறந்தார், மூடினார். தன் தொழிலுக்கே துரோகம் செய்கிற மாதிரி இருந்தது. பிறகு சொன்னார்: "ஆறரை."

"அப்பாடா," என்றாள். "இப்பதான் நாம ரெண்டு பேரும் ஒரே ஆளைப் பத்திப் பேசறோம்."

ஆறரைக்கு ஏற்றபடி குறைத்தாள். மூன்று நிமிடம் ஓட்டு, இரண்டு நிமிடம் ஓய்வு. நம்பர் மூன்றானால் ஒரு பிடி கூட்டு, ஐந்தைத் தாண்டினால் ஒரு பிடி குறை. பெருமைப்பட இதில் ஒன்றுமே இல்லை. அதனால்தானோ என்னவோ வேலை செய்தது. நாலாம் வாரம் சுவரைப் பிடிப்பது நின்றது. ஐந்தாம் வாரம், எங்கும் போகாத அந்த மரப்படியில் இருபது முறை ஏறி இறங்கினார். அதே நாள் வீட்டு மாடியிலும் ஏறி, மூன்று மாதமாகப் பார்க்காத தன் துணி அலமாரியைப் பார்த்து நலம் விசாரித்தார்.

வீட்டிலும் எண்கள் புழங்க ஆரம்பித்தன. சட்டை போட்டால் "ரெண்டு" என்பார். வாளி தூக்கினால் "நாலு". மனைவி சீக்கிரமே இந்த மொழியில் தேறிவிட்டாள். தம்பி போன் செய்தால் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "இன்னும் 'வணக்கம்' முடிக்கலை, அதுக்குள்ள எனக்கு ஏழு," என்பாள்.

ஆறாம் வாரம் பிசியோம்மா கேட்டாள். "சார், அந்த மேடையில நீங்க சரியா என்னதான் செய்வீங்க? செஞ்சு காட்டுங்க."

அடுத்த நாள் சுத்தியலையே கொண்டுவந்தார். நின்றபடி, வலது கையைத் தோளுக்குமேல் தூக்கி, கூவிக் காட்டினார். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கையைத் தூக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கறீங்க. அடிச்ச பிறகுதான் விடறீங்க. அங்கதான் போகுது உங்க காற்று. ஓங்கும்போது இழுங்க, இறக்கும்போது விடுங்க. அப்புறம், எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டணும்னு யார் சொன்னது? 'ரெண்டு தரம்' சொல்லிட்டு நில்லுங்க. மூக்கால ஒரு மூச்சு. அப்புறம் மூணு."

"நடுவுல நின்னா கூட்டம் கலைஞ்சிடும்மா."

"நின்னு பாத்திருக்கீங்களா?"

நின்று பார்த்ததில்லை. இல்லை, ஒருமுறை நின்றிருக்கிறார், தேக்கு பீரோவுக்கு. அப்போதுதான், பின்வரிசையில் உயர்ந்து, ஓரக்கண்ணில் மட்டும் பட்ட அந்தக் கை ஞாபகம் வந்தது. சுத்தியலை மறுபடி தூக்கினார், இந்த முறை மூக்கால் இழுத்தபடி.

அன்றிலிருந்து அந்தக் குட்டி அறையில் தினமும் ஏலம். பெடல் மிதித்தபடியே கைப் பயிற்சிக்கு வைத்திருந்த மணல் பாட்டிலை விற்றார், ஆரஞ்சுக் கூம்பை விற்றார், தையல்காரம்மாவுக்கே அவர் உட்கார்ந்திருந்த சைக்கிளை விற்றார். "கிறீச்சுன்னு சத்தம் போடுது, அதுக்குக் கழிச்சுக்கங்க," என்றார் அவர். ஒன்பதாம் வாரக் கடைசியில் ஆறு நிமிட நடையில் நானூற்றுப் பத்து மீட்டர், நிற்காமல். கிளிப் தொண்ணூற்று மூன்று.

"நம்பர்?"

"நாலு."

"நம்பறேன்," என்றாள். "ஏலத்தன்னிக்கு மேடையில ஒரு உயர ஸ்டூல் போட்டுக்கங்க. ஆறு தொட்டா உக்காருங்க. உக்காந்தா தோல்வி இல்லை சார், அதுவும் பயிற்சிதான்."

ஓட்டல் ஏலத்தன்று கூடம் நிரம்பி வாசல்வரை ஆள். மனைவி கடைசி வரிசையில். அவள் பக்கத்தில் தையல்காரம்மா, வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு. மேசையின் ஓரத்தில், மறைத்து வைத்த மாதிரியும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரியும், அந்த "ஆலோசகர்" பலகை தயாராக நின்றது.

வரவேற்புரை மைத்துனருடையது. இருபத்தைந்து நிமிடம். "வரலாற்றுச் சிறப்புமிக்க இம்மாபெரும் நிகழ்வினை" என்று தொடங்கிய வாக்கியம் முற்றுப்புள்ளியைத் தேடிக் கூடத்தை மூன்று முறை சுற்றிவந்தது. முடிக்கும்போது அவருக்கே மூச்சு வாங்கியது; மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனைடா மச்சான்?" என்று கேட்டார் ஏலக்காரர்.

"என்ன எத்தனை மாமா?"

"ஒண்ணுமில்லை. மூக்கால இழு."

முதல் சாமான், ஓட்டல் வரவேற்பறையின் ஆளுயரக் கண்ணாடி. கேட்பு ஏறி ஒரு இடத்தில் நின்றது. "ஒரு தரம்." மூச்சு. "ரெண்டு தரம்." சுத்தியலை மெல்ல ஓங்கியபடியே மூக்கால் இழுத்தார். கூடம் அமைதியானது. கூட்டம் கலையவில்லை. அந்த அமைதியில், வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்ட மூன்று பேருக்கு, வேண்டுமோ என்று தோன்றிவிட்டது. கைகள் உயர்ந்தன. கண்ணாடி இரண்டு மடங்குக்குப் போனது.

"என்ன நெஞ்சழுத்தம் பாத்தியா இந்த ஆளுக்கு!" என்றார் முன்வரிசையில் ஒரு வியாபாரி. "வேணும்னே நிறுத்தறாரு!"

ஏலக்காரர் மறுக்கவில்லை. நுரையீரல் செய்த வேலைக்கு மூளை பெயர் வாங்குவது இது முதல் தடவையும் இல்லை.

இரண்டு மணி நேரம் ஓடியது. கட்டில்கள், விளக்குகள், அடுக்களைப் பாத்திரம். அடுத்தது ஒரு கட்டு மேசைவிரிப்பு, விலை நூற்றுக் கணக்கில். "அஞ்சுல ஆரம்பம்" என்று சொல்லிவிட்டுப் பார்த்தபோது, கடைசி வரிசையில் மனைவி முகவாயை உயர்த்தினாள். அது வீட்டுப் பாஷை: நம்பர் என்ன? ஏழு வாரப் பழக்கம். வாய் தானாக உண்மையைச் சொன்னது, மைக்கில்.

"ஆறு."

"ஏழு!" என்றார் முன்வரிசை வியாபாரி.

"எட்டு!"

"எட்டரை!"

தன் மூச்சுத்திணறலுக்கு இவ்வளவு கிராக்கி இருக்கும் என்று ஏலக்காரர் நினைத்ததில்லை. பதினொன்றில் அடித்து முடித்துவிட்டு, சொன்னபடி உயர ஸ்டூலில் உட்கார்ந்தார். சுத்தியல் மடியில் இருந்தது. அதன்மேல் இரண்டு கையும்.

மைத்துனர் பாய்ந்து வந்தார். "முதலாளி! மாமா அமர்ந்துவிட்டார்! இவ்வசாதாரணச் சூழ்நிலையில் நான் பொறுப்பேற்று..." கை சுத்தியலை நோக்கி நீண்டது.

ஏலக்காரருக்குப் பதில் சொல்வது அப்போதைக்கு வீண்செலவு. முன்னால் சாய்ந்து, உதட்டைக் குவித்து, யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு மெழுகுவத்தியின் சுடரை ஆட்டிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை.

முதலாளி மடியைப் பார்த்தார். "சுத்தியல் கை மாறக்கூடாதுன்னுதான் சொன்னேன். மாறலையே."

"ஆனால் முதலாளி, நின்றுகொண்டு..."

"நீங்க நின்னுக்கிட்டு இருபத்தஞ்சு நிமிஷம் பேசினீங்க. ஒரு ஸ்பூன் வித்துதா?"

ஐந்து நிமிடம். ஆறு ஐந்தானது, ஐந்து நாலானது, நாலு மூன்றானது. ஏலக்காரர் எழுந்தார். மீதி ஒரு மணி நேரத்தில் இன்னொரு முறை உட்கார்ந்தார், இன்னொரு முறை எழுந்தார். இரண்டாம் முறை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தபோது பட்டியலில் சாமான் தீர்ந்திருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் ஏலக்காரர், மேசையின் ஓரத்திலிருந்து பலகையைத் தூக்கிக் காட்டி. "அசல் தேக்கு. பித்தளை எழுத்து. புத்தம் புதுசு, ஒரு நாள்கூட உபயோகப்படுத்தலை. ஒண்ணுல ஆரம்பம்."

கூடம் சிரித்தது. தையல்காரம்மா கையைத் தூக்கினார். "ரெண்டு. துணி மேல வெயிட்டுக்கு ஆகும்."

"ரெண்டு! ஆலோசகர் ரெண்டு! ஒரு தரம்."

மைத்துனரின் முகத்தில், தான் தேர்ந்தெடுத்த எழுத்து வடிவம் ஒரு தையல் மேசையில் வெட்டுத்துணிக்கு நடுவே கிடக்கும் காட்சி ஓடியது.

"ரெண்டு தரம்."

ஏலக்காரர் சுத்தியலை ஓங்கினார். மூக்கால் இழுத்தார், நிதானமாக, பூ முகர்வது போல. உள்ளே போகிற காற்று ஒவ்வொரு அறையாகக் கதவைத் தட்டித் திறப்பது அவருக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் போலிருந்தது.

மேடைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை மெல்ல எழுந்தது.

"மூணு," என்றார் மைத்துனர். வாழ்க்கையில் அவர் பேசிய மிகச் சின்ன வாக்கியம் அதுதான்.

தையல்காரம்மா உதட்டைப் பிதுக்கி, வேண்டாம் என்றார். ஏலக்காரர் மூச்சை விட்டார். அதோடு சேர்ந்து சுத்தியலும் இறங்கியது.